அண்ணல் அம்பேத்கரின் அன்றாட நியமங்கள்

தமிழில் விதி என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. இதைச் செய்க, இதைச் செய்யற்க என்று வகுக்கப்படும் கட்டளையும் விதி. மனிதன் கையை மீறி நடப்பதாகச் சொல்லப்படும் ஊழும் விதி. நம் மக்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பல தலைமுறைகளாக ஒன்றாகவே கிடந்தன. பிறர் வகுத்த கட்டளையையே நம் தலைவிதி என்று நம்பும்படி வளர்க்கப்பட்டோம். அக்கட்டளையை உதறித் தமக்குத் தாமே விதி வகுத்துக் கொண்டு, அதன்படி நாள்தோறும் வாழ்ந்து காட்டிய பெருந்தகை அண்ணல் அம்பேத்கர் ஆவார். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அவரது வாழ்வை இந்த ஒரு நோக்கில் நம் இளைஞர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் அரசியல் சட்டம் வகுத்தவர் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். அவர் காலையில் எப்போது எழுந்தார், எதை உண்டார், எதை விலக்கினார், கையில் இருந்த பணத்தை எவ்வாறு செலவிட்டார் என்பன பலரும் அறியாதவை. பெரிய செயல்களின் வேர் இத்தகைய சிறியவற்றில் இருப்பதை முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று நாம் கண்டிருக்கின்றோம். எனவே சிறியவற்றையே ஈண்டு பேசுவோம்.

பிறர் வகுத்த விதிகள்

விக்கிரவாண்டியை அடுத்த சிற்றூர் ஒன்றில் நாம் சிறுவராய் இருந்த 1970களில், நம் நாளை நடத்திய விதிகள் பல. ஊர்த் தெருவில் கால் வைக்கும்போது நம் தந்தையாரின் தோளில் கிடந்த துண்டு கக்கத்திற்கு இறங்கும். காலில் இருந்த செருப்பு கைக்கு ஏறும். தேநீர்க் கடையில் மற்றவர்க்குக் கண்ணாடித் தம்ளர்; நமக்குக் கூரையில் செருகி வைத்த அலுமினியத் தம்ளர். குடித்து முடித்ததும் நாமே கழுவிக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். இவற்றை எவரும் எழுதி ஒட்டவில்லை. எழுதப்படாத காரணத்தால் மீறப்பட்டதும் இல்லை.

இதே தமிழ்நாட்டில் இத்தகைய விதிகளை வாய்விட்டு அறிவித்த நிகழ்ச்சியும் உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் சிலர் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது 8 தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது; ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தலாகாது; சட்டை போடலாகாது; குடை பிடிக்கலாகாது; செருப்பு அணியலாகாது; பெண்கள் பூச்சூடலாகாது என்று அத்தடைகள் நீண்டன. அடுத்த ஆண்டில் அவை 11 ஆயின. அவற்றுள் ஒன்று, பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஒரு மக்களை அடிமைப்படுத்த விரும்புவோர் எங்கே தொடங்குகின்றனர் என்பதை இதில் காணலாம். உடையிலும் நகையிலும் குடையிலும் செருப்பிலும், முடிவாகப் பிள்ளையின் புத்தகத்திலும் அவர்கள் கை வைக்கின்றனர். அன்றாட வாழ்வைப் பிடித்துக் கொண்டால் மனிதன் முழுவதும் கைக்குள் வந்து விடுவான் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

அண்ணலின் இளமையும் இத்தகைய விதிகளுக்கு நடுவிலேயே கழிந்தது. 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மத்தியப் பிரதேசத்து மாவ் படை முகாமில், சுபேதார் ராம்ஜி சக்பால், பீமாபாய் ஆகியோரின் 14ஆவது குழந்தையாக அவர் பிறந்தார். சதாராவில் பள்ளி சென்ற நாட்களில், உட்காருவதற்குரிய கோணியைத் தாமே வீட்டிலிருந்து சுமந்து செல்வார். மாலையில் சுமந்து வருவார். தாகம் எடுத்தால் குழாயைத் தொடும் உரிமை இல்லை. பள்ளிச் சேவகர் வந்து திறந்து விட்டால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. சலவையாளர் துணி வெளுக்கவும் நாவிதர் முடி வெட்டவும் மறுத்தமையால், அவ்விரண்டையும் வீட்டில் அவருடைய தமக்கையர் செய்தனர். பிற்காலத்தில் உயர்நிலைப் பள்ளியில் வடமொழி பயில விரும்பியபோது அதுவும் மறுக்கப்பட்டது; பாரசீக மொழியைப் பாடமாகக் கொண்டார். மறுக்கப்பட்ட அந்த வடமொழியைப் பின்னாளில் தம் முயற்சியாலேயே கற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

அரையணாவும் ஒரு முடிவும்

அண்ணல் பிறவியிலேயே அடக்கமும் ஒழுங்கும் வாய்ந்த மாணவராய் இருந்தார் என்று நம் இளைஞர்கள் எண்ணி விட வேண்டா. சிறு வயதில் அவருக்குப் படிப்பில் நாட்டமில்லை. விளையாட்டிலும் தோட்டவேலையிலும் பொழுதைப் போக்கினார். தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்து கொண்டது அவர் மனத்தைப் புண்படுத்தியது. வீட்டை விட்டு ஓடிப் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளியாகி விட வேண்டும் என்று எண்ணினார். அவருக்கு ரயில் கட்டணம் வேண்டியிருந்தது. இடுப்பில் பணப்பை செருகி உறங்கும் அத்தையின் பக்கத்தில் படுத்து, அப்பையை எடுக்க இரவுதோறும் முயன்றார். நான்காம் இரவில் பை கைக்கு வந்தது. உள்ளே இருந்தது அரையணா.

அந்த அரையணா அவரை வெட்கப்பட வைத்தது. இனித் திருட்டுப் பயணம் வேண்டா. ஊன்றிப் படித்து, விரைவில் தம் காலில் நிற்பதே வழி என்று முடிவு செய்தார். விளையாட்டைக் குறைத்தார், பாடத்தில் கருத்தைச் செலுத்தினார். எவரும் வற்புறுத்தாமல் அவர் தமக்கென வகுத்த முதல் விதி அதுவே எனலாம்.

இதற்குத் துணை நின்றவர் தந்தை. படைப் பள்ளியில் தலைமை ஆசிரியராய் இருந்த ராம்ஜி, கபீர் வழியைப் பின்பற்றியவர். மாலை வழிபாடு முடிந்த பிறகே பிள்ளைகட்கு உணவு என்னும் கட்டுப்பாடு உடையவர். குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, தொழிலாளர் வாழும் பரேல் பகுதியில் ஓர் அறையில் தங்கியது. சமையலும் உறக்கமும் விறகும் ஆடும் எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். இருவர் ஒருசேரப் படுக்க இடமில்லை. எனவே மகன் முன்னிரவிலேயே உறங்கி விடுவார், தந்தை விழித்திருப்பார். இரவு 2 மணிக்கு மகனை எழுப்பி விட்டு, அவ்விடத்தில் தந்தை படுப்பார். சிமினி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கின் முன் மகன் விடியும்வரை படிப்பார். புத்தகம் வாங்கக் காசில்லாத நாளில், மணமாகிச் சென்ற மகள்களிடம் நகையை இரவல் பெற்று அடகு வைத்தேனும் ராம்ஜி வாங்கி வருவார்.

நம் காலனிகளில் ஒற்றையறைத் தொகுப்பு வீட்டில் வாழும் பிள்ளைகள் இதனை மனத்தில் இருத்துதல் வேண்டும். படிக்க இடமில்லை என்பது பொய்யன்று, உண்மையான குறைதான். அந்த இடமின்மையை ராம்ஜி நேரத்தால் ஈடு செய்தார். இடத்தைப் பங்கிட முடியாத வீட்டில் இரவைப் பங்கிட்டுக் கொண்டனர் தந்தையும் மகனும்.

அண்ணல் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவர் பெற்ற மதிப்பெண் 750க்கு 282. அக்காலத் தேர்வு கடினமானது என்பதையும், நம் இனத்தில் ஒருவர் அதில் தேறியதே விழா எடுக்கத் தக்க செய்தியாய் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அம்மதிப்பெண்ணைக் கொண்டு அவரை அளந்திருந்தால் உலகம் ஏமாந்திருக்கும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தலை கவிழ்ந்து நிற்கும் நம் மாணவர்கள் பலருக்கு இவ்வெண்ணை நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம்.

அவர் மாலையில் பள்ளி விட்டதும் சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து படிப்பார். அங்கு நாள்தோறும் அவரைக் கண்ணுற்ற கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார்; பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை செய்தார். நாள் தவறாமல் ஓரிடத்தில் அமர்ந்து படித்த பழக்கமே ஒரு நல்லாசிரியரின் கண்ணில் அவரைக் காட்டிக் கொடுத்தது.

நியூயார்க்கும் இலண்டனும்

1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அதே ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று, நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகம் சேர்ந்தார். அங்கே அவரைத் தீண்டாதவர் எவருமில்லை. ஒரே மேசையில் உண்ணலாம், எங்கும் செல்லலாம். தொடக்கத்தில் சில மாதங்கள் நண்பர்களோடு பொழுது போக்கியதும் உண்டு. பின்னர், தாம் எதற்காக அனுப்பப்பட்டோம் என்பதைச் சிந்தித்து, மீண்டும் தம்மைக் கட்டுப்படுத்திக் கொண்டார். பிறர் விதித்த தடை நீங்கிய இடத்தில்தான் தாம் விதித்துக் கொள்ளும் தடையின் அருமை விளங்கும்.

அவர் மதுவைத் தொடவில்லை; புகைக்கவில்லை. உதவித்தொகையில் ஒரு பகுதியை மனைவி ரமாபாய்க்கு அனுப்பினார். எஞ்சியதில் வயிற்றைக் குறுக்கிப் பழைய புத்தகக் கடைகளில் புத்தகம் வாங்கினார். நியூயார்க்கில் அவர் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ 2000. அவர் சேர்த்த நூல்கள் பல தாயகம் வரும் வழியில் முதல் உலகப் போரில் கப்பலோடு கடலில் மூழ்கின. உணவைக் குறைத்துச் சேர்த்த செல்வம் ஒரு நாளில் போயிற்று. அவர் வாங்குவதை நிறுத்தவில்லை. பம்பாய் தாதரில் 1930களில் அவர் எழுப்பிய ராஜகிருகம் என்னும் இல்லமே நூல்களை வைப்பதற்காகத் திட்டமிடப்பட்டது.

1917இல் ஊர் திரும்பிப் பரோடா அரசில் பணியேற்றார். உலகின் பெரும் பல்கலைக் கழகம் ஒன்றில் பயின்று வந்த அதிகாரியின் மேசைக்கு, அலுவலகச் சேவகர்கள் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். குடிநீர் இல்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். வேறெங்கும் இடம் கிடைக்காமல், ஒரு பூங்காவில் அமர்ந்து கண்ணீர் உகுத்து, பம்பாய்க்கு மீண்டார். படித்தவுடன் எல்லாம் சரியாகி விடும் என்று நம்பும் இளைஞர்கள் இதனை மறத்தலாகாது. கல்வி பெற்றவரின் மீதும் பழைய விதி பாயும். பாயும்போது முறியாமல் நிற்கும் முதுகெலும்பை நாம்தான் வளர்த்துக் கொள்ளல் வேண்டும்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் அவர் பரேலின் தொழிலாளர் குடியிருப்பை விட்டு வெளியேறவில்லை. குடும்பச் செலவுக்கென ஒரு தொகையை ரமாபாயிடம் அளந்து கொடுத்து, மீதியை இலண்டன் படிப்புக்குச் சேர்த்தார். அச்சேமிப்பும், கோலாப்பூர் மன்னரின் உதவியும், நண்பர் நாவல் பாதேனா கடனாகத் தந்த 5000 ரூபாயும் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

இலண்டனில் அவரது நாள் ஒரே ஒழுங்கில் சென்றது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது மீனும் ஒரு கோப்பைத் தேநீரும் உண்டு, வண்டிச் செலவை மிச்சப்படுத்த நடந்தே பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் செல்வார். அது மூடும்வரை எழ மாட்டார். கடைசியாக வெளியேறுவோரில் அவரும் ஒருவர். சட்டைப்பைகள் குறிப்புத் தாள்களால் புடைத்திருக்கும். மாலையில் எளிய உணவு. இரவு 10 மணிக்குப் பசி வாட்டும். நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து எண்ணி 4 அப்பளங்களை எடுத்துத் தகரத்தின் மேல் வாட்டித் தின்று, ஒரு கோப்பைப் பால் அருந்தி, மறுபடியும் விடியற்காலைவரை படிப்பார். உடன் தங்கியவர் உறங்கச் சொன்னால், உறங்குவதற்குத் தமக்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை என்னும் கருத்துப்பட விடை தருவார்.

அந்த 4 அப்பளத்தின் பொருளை நாம் உணர வேண்டும். கட்டில் இன்னும் அப்பளம் இருந்தது, பசியும் இருந்தது. ஐந்தாவதை எடுத்திருந்தால் தடுக்க எவருமில்லை. அன்று தண்ணீருக்கு அளவு வைத்தவர் பள்ளிச் சேவகர். இன்று அப்பளத்துக்கு அளவு வைத்தவர் அவரே. அடிமைக்கும் தன்னை ஆள்பவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இந்த ஒழுங்கின் பயனாக 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்ஸி. பட்டமும், வழக்கறிஞர் தகுதியும் பெற்றார்.

கொடுத்த விலை

ஒரு தலைவரின் வாழ்வை எழுதும்போது ஒளியை மட்டும் காட்டுதல் முறையன்று. அண்ணலின் நியமங்களுக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்லர். அவர் கடல் கடந்து படித்த ஆண்டுகளில் ரமாபாய் பம்பாயில் வறுமையோடு போராடினார். பிறந்த 5 குழந்தைகளில் 4 பேரை மண்ணுக்குக் கொடுத்தனர். எஞ்சியவர் யஷ்வந்த் ஒருவரே. 1935 மே 27இல் ரமாபாயும் மறைந்தார். அண்ணலின் உடலும் நெடுநாள் விழிப்பையும் குறைந்த உணவையும் மன்னிக்கவில்லை. நீரிழிவு நோய் அவரைப் பின்னாட்களில் வாட்டியது. 18 மணி நேரம் படித்தார் என்பதை மட்டும் சொல்லி நம் பிள்ளைகளை உறக்கமின்றி வாட்டுவது அறிவுடைமையன்று. அவர் அவ்வாறு படிக்க நேர்ந்தது, பிறருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்ததைத் தாம் ஓர் ஆயுளில் பிடிக்க வேண்டியிருந்ததால்தான். அந்த ஓட்டத்தின் பயனாகத்தான் நாம் இன்று உறங்கி எழுந்து படிக்க முடிகிறது. அதற்காக நன்றி செலுத்த வேண்டியவர்களின் வரிசையில் ரமாபாய் அம்மையாரும் இருக்கின்றார்.

மக்களுக்குச் சொன்ன விதிகள்

தமக்கு உதவிய முறையைத் தம் மக்களுக்கும் அவர் எடுத்துரைத்தார். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் அருந்தினார். அந்தக் குளத்து நீர் இனிப்பானது என்பதற்காக அன்று. தாமும் மனிதரே என நிலைநாட்டுவதற்காக. அம்மாநாட்டிலேயே செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை நிறுத்துமாறும் கேட்டுக் கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் மகாடில் கூடியபோது மனுநூல் எரிக்கப்பட்டது யாவரும் அறிந்ததே. அதே கூட்டத்தில் பெண்களைத் தனியே அழைத்து அவர் பேசியது பலருக்குத் தெரியாது. கணுக்கால்வரை புடவை உடுத்துங்கள். தாழ்ந்த சாதி என்று அடையாளம் காட்டும் கனத்த நகைகளைக் கழற்றுங்கள். துணி கந்தையானாலும் தூய்மையாய் இருக்கட்டும். ஆணைப் போலப் பெண்ணையும் பள்ளிக்கு அனுப்புங்கள். குடித்து விட்டு வரும் கணவனுக்கும் மகனுக்கும் சோறு போடாதீர்கள் என்பன அவரது அறிவுரைகள். பெண்கள் மறுநாளே புடவைக் கட்டை மாற்றி உடுத்தி வந்தனர்.

இராமநாதபுரத்துத் தடைகளையும் மகாடின் அறிவுரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு இளைஞர்களை வேண்டுகின்றோம். இரண்டும் உடையைப் பற்றியவை. இரண்டும் நகையைப் பற்றியவை. இரண்டும் பிள்ளையின் படிப்பைப் பற்றியவை. ஒன்று மனிதனைக் குனிய வைக்க வந்தது. மற்றொன்று நிமிர வைக்க வந்தது. அடிமைத்தனம் நுழைந்த வாயிலாகவே அதனை வெளியேற்ற முனைந்தார் அண்ணல். தாம் தூய மேனாட்டு உடையில் எப்போதும் தோன்றியதும் ஆடம்பரத்திற்காக அன்று. சட்டை போடலாகாது என்ற நாட்டில் அந்தக் கோட்டு ஒரு மறுமொழி.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 1936இல் லாகூர் மாநாட்டுக்கென எழுதி, கூட்டத்தார் மாநாட்டையே கைவிட்டமையால் தாமே அச்சிட்ட சாதி ஒழிப்பு பற்றிய நூலில், இந்து சமயம் கட்டளைகளும் தடைகளும் கொண்ட தொகுப்பு என்று அண்ணல் கடுமையாகச் சாடினார். விதியைச் சாடியவர் விதிப்படி வாழ்ந்தது முரண் அன்றோ எனின், அன்று. அந்நூலிலேயே விடை இருக்கின்றது. விதி வேறு, கொள்கை வேறு என்கிறார் அவர். ஏன் என்று கேளாமல் பழக்கத்தால் செய்வது விதி. நன்மை தீமையை அளந்து பார்க்க அறிவுக்கு உதவுவது கொள்கை. கொள்கையிலிருந்து பிறக்காத விதி மனிதனை இயந்திரமாக்கும். எனவே, எந்த நியமத்தையும் கைக்கொள்வதற்குமுன் அது எதற்காக என்று கேட்டல் வேண்டும். செருப்பைக் கையில் ஏந்தும் விதிக்குக் காரணம் கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. 4 அப்பளத்துக்குக் காரணம் உண்டு.

நாட்டுக்கு வகுத்த விதி

தம்மை ஆளக் கற்றவரிடம் நாடு தன் விதியை வகுக்கும் பணியை ஒப்படைத்தது. 1947 ஆகஸ்ட் 29ஆம் நாள் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவுக்கு அவர் தலைவரானார். உறுப்பினர் 7 பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், வேறு சிலர் பிற அலுவல்களாலும் உடல்நலக் குறைவாலும் கலந்து கொள்ள இயலவில்லை. முடிவில் வரைவுப் பணியின் சுமை அண்ணலின் தோளிலேயே விழுந்தது என்று அக்குழுவில் இடம் பெற்ற தமிழரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மனமுவந்து எடுத்துரைத்தார். நீரிழிவோடும் கால்வலியோடும் அப்பணியை அவர் முடித்தார். 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்ட அச்சட்டம் 395 பிரிவுகள் கொண்டது. அதன் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கோணியைச் சுமந்து பள்ளி சென்ற சிறுவன், அக்கோணியின் விதியை நாட்டின் விதியாலேயே ஒழித்தான்.

ஆயினும் சட்டம் மட்டும் போதாது என்பதை அவரே நன்கறிவார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது, 22 உறுதிமொழிகளை அவர் ஏற்கச் செய்தார். பழைய வழிபாடுகளை விலக்குவதோடு அவை நின்று விடவில்லை. திருடேன், பொய் சொல்லேன், மது அருந்தேன், உயிர்களிடம் இரக்கம் காட்டுவேன் என நாள்தோறும் கடைப்பிடிக்க வேண்டியவையும் அவற்றுள் அடங்கும். அதன்பின் அவர் வாழ்ந்தது 2 மாதங்கட்கும் குறைவு. டிசம்பர் 5ஆம் நாள் இரவு, புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலுக்கான முன்னுரைத் தாள்களைப் படுக்கையருகே வைக்கச் செய்தார். மறுநாள் காலை அவர் எழவில்லை. கடைசி இரவிலும் அவரது நியமம் தவறவில்லை.

நமக்கு

நம் விழுப்புரம் மாவட்டத்து நிலையை இனி எண்ணிப் பார்ப்போம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் உயிர்களைப் பறித்தது. 2024 ஜூனில், முன்பு நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அன்றாடம் உழைத்துப் பிழைத்த நம் மக்கள். சாராயம் விற்றவனின் குற்றத்தையும், அதைத் தடுக்கத் தவறியவர்களின் குற்றத்தையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. மூட்டை சுமந்த உடல் வலிக்கு அந்தப் பொட்டலம் மருந்தாகத் தோன்றுவதையும் அறிவோம். ஆயினும் 1927இல் மகாடில் பெண்களிடம் சொல்லப்பட்ட அந்தச் சிறு விதி, கருணாபுரத்தின் குடிசைகளில் நிலைத்திருந்தால் எத்தனை பிள்ளைகட்குத் தந்தை இருந்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இளைஞர்களே, இன்று நம் துண்டு தோளில் இருக்கின்றது. செருப்பு காலில் இருக்கின்றது. விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் வாகனம் ஓட்டிச் செல்கின்றனர். முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியைப் பேருந்தில் கடக்கும்போது, உள்ளே நுழையும் தகுதி நமக்கும் உண்டு என்று எண்ணும் உரிமை இருக்கின்றது. பிறர் விதித்த பல தடைகள் தளர்ந்துள்ளன. இன்னும் சில வேறு உருவில் உள்ளன. ஆனால் தளர்ந்த இடத்தை நாம் எதைக் கொண்டு நிரப்புகின்றோம்? நள்ளிரவு 2 மணிக்கு விழித்திருக்கும் பிள்ளைகள் இன்றும் நம் காலனிகளில் உண்டு. விளக்குக்குப் பதில் கைப்பேசியின் ஒளி முகத்தில் விழுகின்றது. அந்த நேரத்தை அவர்களுக்கு வகுத்துக் கொடுத்தவன் வேறு எவனோ.

எனவே பெரிய சபதங்களை நாம் கேட்கவில்லை. ஒருவர் ஒரே ஒரு நியமத்தைத் தேர்ந்து கொள்க. நாளும் ஒரே வேளையில் ஒரு மணி நேரம் படிப்பதாக இருக்கலாம். முதல் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கைத் தங்கையின் கல்விக்கு எடுத்து வைப்பதாக இருக்கலாம். குடியைத் தொடாமல் இருப்பதாக இருக்கலாம். அது எதற்காக என்று முதலில் கேட்டுத் தெளிக. நாமும் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் விடியலில் எழுந்து படிப்பதென ஒரு நியமம் வைத்து, ஒரு நாள் தவறியதும் வெட்கி, அடியோடு கைவிட்டோம், ஓராண்டு வீணாயிற்று. தவறாமல் இருப்பதே நியமம் என்று எண்ணியதே நம் பிழை. தவறிய மறுநாள் மீண்டும் தொடங்குவதும் நியமத்தின் பகுதியே. அத்தையின் பணப்பையில் கைவிட்ட சிறுவன்தான் நாட்டின் சட்டம் வகுத்தார் என்பதை நினைவில் கொள்க.

நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தரையில் விரித்த பாயில் ஒன்றாய் அமர்கின்றனர். அவர்கள் குடிக்கும் தண்ணீர்ப் பானை பொதுவானது. அந்த மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து அமரும் ஒவ்வொரு பிள்ளையும், தன் தலைவிதியைத் தன் கையால் திருத்தி எழுதுகின்றது. அப்பிள்ளைகள் நாளையும் அதே நேரத்துக்கு வருவார்களாக.